ஓர் உயிரியலாளர் மூன்று துறைகளைக் கடக்க என்ன வேண்டும்: ஆய்வுக்குப் பொறுப்பானோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பு

உயிரியல், மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவோருக்கும், பல்கலைக்கழகங்களில் பதவிகளை உருவாக்குவோருக்கும், மாதிரி சேகரிக்கவும் ஆய்வுப் பொருள் இறக்கவும் அனுமதி வழங்குவோருக்கும்

மதிப்புக்குரியீர்,

லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணி இந்தியாவின் பீகாரில் காலா-அசார் என்னும் காய்ச்சலைத் தருகிறது. மண்ணீரலும் ஈரலும் வீங்கும். மருந்து கொடுக்காவிட்டால் பெரும்பாலும் மரணம். அதே இன ஒட்டுண்ணி இலங்கையிலும் இருக்கிறது. ஆனால் இங்கே அது அநேகமாகத் தோலோடு நின்றுவிடுகிறது. முதலில் வலியில்லாத ஒரு சிறு கட்டி, பிறகு மாதக்கணக்கில் ஆறாத புண். உள்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 இல் பதிவானார். உள்ளுறுப்புகளைப் பிடித்த நோயாளரும் உண்டு, ஆனால் மிகச் சிலர். இரண்டு நாட்டிலும் அதைக் காவுவது ஒரே இன மணல் ஈதான். பீகாரில் உயிரைக் குடிப்பது அனுராதபுரத்தில் தோல் புண்ணாக நிற்பது ஏன்?

இந்தக் கேள்வியைத் தோல் கிளினிக்கில் இருக்கும் வைத்தியர் தனியே விடுவிக்க முடியாது. அவர் புண்ணைக் காண்கிறார், சோடியம் ஸ்ரிபோகுளுக்கனேற்றை வாரந்தோறும் புண்ணுக்குள் ஊசியால் ஏற்றுகிறார், எவருக்கு ஆறவில்லை என்று குறித்துக்கொள்கிறார். மூலக்கூற்று உயிரியலாளர் ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதி முழுவதையும் வாசித்துவிடுவார். ஆயினும் வாசித்த வேறுபாடுகளில் எது பழையது, எது அண்மையில் வந்தது, எது தற்செயலாய்ப் பரவியது, எது இயற்கைத் தெரிவினால் நிலைத்தது என்று பிரித்துச் சொல்ல, உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவதைப் படிக்கும் கூர்ப்பு உயிரியல் தெரிந்த ஒருவர் வேண்டும். 2021 இல் வெளியான மரபணுத்தொகுதி ஒப்பீடு ஒன்று, இலங்கை ஒட்டுண்ணிகள் சில கலப்பினம் என்று காட்டியது; லீஷ்மேனியா மேஜர், லீஷ்மேனியா ட்ரொப்பிக்கா ஆகியவற்றின் பகுதிகள் அவற்றில் கலந்திருந்தன. ஒரேயொரு மரபணுத் துண்டைப் பெருக்கிப் பெயர் சூட்டும் வழக்கமான சோதனை இந்தக் கலப்பைக் காணவே காணாது. அந்தத் துண்டு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்ததோ அந்தப் பெயரைத்தான் அது சொல்லும். மருந்துக்கு ஏன் ஒருவருடைய புண் ஆறி மற்றவருடையது ஆறவில்லை என்று தேடும் வைத்தியருக்கு அந்தப் பெயர் பிழையான வழியைக் காட்டலாம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். இத்தகைய ஒரு கேள்வியை ஓர் ஆய்வாளர் கையில் எடுத்தால், கூர்ப்பு, மூலக்கூற்று உயிரியல், மனித சுகாதாரம் ஆகிய மூன்று துறைகளுக்குள்ளும் அதைக் கொண்டுபோய், பதினைந்து இருபது ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்ய இந்த நாட்டில் இடம் இருக்கவேண்டும். அதற்கு வேண்டியவை பெரும்பாலும் சிறிய, கையால் தொடக்கூடிய விடயங்கள். அவற்றைத்தான் இம்மடலில் விரிவாக எழுதியிருக்கிறோம்.

இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கைப்பணி எப்படி அமையும் என்பதற்குச் சுவீடன் நாட்டு மரபியலாளர் ஸ்வாந்தே பாபோவின் பாதையைப் பாருங்கள். அந்நாட்டின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் கலாநிதிப் பட்டத்துக்குச் செய்த ஆய்வு அடினோவைரசின் ஒரு புரதம் பற்றியது, அதாவது சுத்தமான மருத்துவ மூலக்கூற்று உயிரியல். அந்த ஆய்வுகூடத்து முறைகளைக் கொண்டே 1985 இல் எகிப்திய மம்மியிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாக அறிவித்தார். அது பெரும்பாலும் இன்றைய மனிதரின் கலப்படமாக இருக்கலாம் என்பது பின்னர் அவருக்கே விளங்கியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பிழையை எப்படித் தவிர்ப்பது என்று கண்டுபிடிப்பதில் போயின. 1997 இல், அழிந்துபோன ஒரு பழைய மனித இனமான நியண்டர்தால் மனிதனின் இழைமணி டிஎன்ஏயின் ஒரு சிறு துண்டு, 2010 இல் மரபணுத்தொகுதியின் முதல் வரைபு. 2020 இல் சக ஆய்வாளர் ஹியூகோ செபெர்க்கோடு சேர்ந்து, கொவிட்டில் கடும் நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் 3 ஆம் நிறமூர்த்தப் பகுதி நியண்டர்தாலிடமிருந்து வந்தது என்று காட்டினார். ஐரோப்பாவில் ஏறத்தாழ 16 சதவீதமானோரிடம் இருக்கும் அந்தப் பகுதி தென்னாசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இருக்கிறது. 2022 இல் அவருக்குக் கிடைத்தது மருத்துவத்துக்கான நோபல் பரிசு. எலும்பைத் தேடிப் போனவர் நம் வீட்டு நோயாளியின் படுக்கைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு ஆண்டு நிதியும், ஒவ்வோர் ஆண்டும் எத்தனை கட்டுரை என்ற கணக்கும் மட்டும் இருந்திருந்தால் 1985 க்கும் 1997 க்கும் இடையிலேயே இந்தப் பாதை அறுந்திருக்கும்.

வொல்பாக்கியாவின் கதையும் அதுபோல்தான். 1924 இல் கியூலெக்ஸ் நுளம்பின் கலங்களுக்குள் கண்டறியப்பட்ட ஒரு பக்டீரியா, பல தசாப்தங்கள் கூர்ப்பு உயிரியலாளரின் ஆர்வப்பொருளாகவே இருந்தது. தொற்றிய ஆண் தொற்றாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது என்ற விந்தையைத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள். பழ ஈயிலிருந்த ஒரு வகையை, டெங்கைப் பரப்பும் நுளம்பான ஈடிஸ் ஈஜிப்டைக்கு மாற்றி, அது டெங்கு வைரசைத் தடுப்பதையும் நுளம்புக் கூட்டத்தில் தானே பரவுவதையும் காட்டும் முடிவுகள் 2011 இல் வந்தன. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த பரீட்சார்த்த ஆய்வில் டெங்கு நோயாளர் 77 சதவீதம் குறைந்தனர். அதே வகை நுளம்புகள் நம் நுகேகொடையிலும் விடப்பட்டன. பூச்சியின் இனப்பெருக்க விந்தையைப் படிக்க அன்று யாரோ நிதி கொடுத்ததால்தான் இன்று ஒரு சுகாதாரத் திட்டம் இருக்கிறது.

இனி நம் நாட்டு வேலைக்கு வருவோம். அது எங்கே உடைகிறது? பெரும்பாலும் முதல் மணித்தியாலத்திலேயே, மாதிரி எடுக்கும் இடத்திலேயே.

லீஷ்மேனியா புண்ணிலிருந்து 3 அல்லது 4 மில்லிமீற்றர் திசுத் துண்டு ஒன்று எடுக்கப்படுகிறது என்று வையுங்கள். நோயியல் பிரிவின் வழக்கப்படி அது முழுவதும் ஃபோர்மலினுக்குள் போகும். நுணுக்குக்காட்டியில் பார்க்க அது மிக நல்ல வழி. ஆனால் ஃபோர்மலின் டிஎன்ஏயையும் புரதத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிறகு எடுக்கும் டிஎன்ஏ சில நூறு காரங்கள் (டிஎன்ஏயின் எழுத்துகள்) நீளமே உள்ள துண்டுகளாக வரும். நோயை உறுதிப்படுத்த அது போதும், மரபணுத்தொகுதியை வாசிக்கப் போதாது. ஒட்டுண்ணியை வளர்க்கவோ ஒன்றுமே மிஞ்சாது. ஆகவே எடுத்த உடனேயே, படுக்கையருகிலேயே, துண்டு மூன்றாகப் பிரியவேண்டும்: ஒன்று ஃபோர்மலினுக்கு, ஒன்று 95 சதவீத எதனோலுக்கு, ஒன்று தொற்று நீக்கிய வளர்ப்பு ஊடகத்துக்கு. வளர்ப்பு 24 முதல் 26 பாகை செல்சியசில் இருக்கவேண்டும். கொழும்பின் அறை வெப்பநிலை பகலில் 30 ஐத் தொடும். சாதாரண அடைகாப்புப் பெட்டிக்குச் சூடாக்க மட்டுமே தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அதனால் குளிர்விக்கும் வகைதான் வாங்கவேண்டும். விலைமனுவில் இந்த ஒரு சொல் விடுபட்டால் பெட்டி வந்து சேரும், ஒட்டுண்ணி வளராது.

வளர்ந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. லீஷ்மேனியா வளர்ப்பில் நீண்டகாலம் இருந்தால் தன் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளும். நோயாளியின் தோலில் இருந்தது வேறு, இருபதாவது தடவை புது ஊடகத்துக்கு மாற்றிய பிறகு குழாயில் இருப்பது வேறு. இதைக் கூர்ப்பு என்று நினைத்துக் கட்டுரை எழுதினால் அது குழாயின் கூர்ப்பாகத்தான் இருக்கும். முதல் சில மாற்றங்களுக்குள்ளேயே ஒரு பகுதியைத் திரவ நைதரசனில் உறையவைத்து, எத்தனையாவது மாற்றம் என்பதைக் குழாயிலேயே எழுதவேண்டும். இது கூர்ப்பு தெரிந்தவருக்குத் தெரியும், கிளினிக்கில் மாதிரி எடுப்பவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரே திட்டத்தில் இருவரும் இருந்தால் முதல் வாரத்திலேயே பேசித் தீர்ந்துவிடும்.

குருதியிலும் இதே கதைதான். ஊதா மூடியுள்ள ஈடிடிஏ குழாயில் எடுத்த 3 மில்லிலீற்றர் குருதியிலிருந்து நல்ல டிஎன்ஏ கிடைக்கும். பச்சை மூடியுள்ள ஹெப்பரின் குழாயில் எடுத்தால் ஹெப்பரின், டிஎன்ஏ துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் நொதியத்தைத் தடுத்துவிடும். டெங்குக்கு மணித்தியாலக் கணக்கு இன்னும் இறுக்கம். வைரசின் ஆர்என்ஏ குருதியில் தாராளமாக இருப்பது காய்ச்சலின் முதல் 5 நாட்களில். அதற்குப் பிறகு வருபவரிடம் பிறபொருளெதிரியைக் காணலாம், வைரசை வாசிப்பது கடினம். எடுத்த குருதியிலிருந்து சீரத்தைப் பிரித்து அன்றே -80 பாகைக்குக் கொண்டுபோகாமல் ஒரு வார இறுதி முழுவதும் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வைத்தால், ஏறத்தாழ 10,700 காரங்கள் நீளமான மரபணுத்தொகுதி திங்கட்கிழமை சிதைந்து கிடக்கும்.

டெங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 2017 இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மேலோங்கியது வைரசின் 2 ஆம் வகை. அதற்கு முந்திய ஆண்டுகளில் 1 ஆம் வகை. கொள்ளைநோய் வந்தவுடன் நிதி வரும், கருவி வரும், மாதிரி குவியும். பிறகு எல்லாம் அடங்கிவிடும். ஆனால் வகை எப்போது மாறத் தொடங்கியது என்பதைக் காட்டுவது அமைதியான ஆண்டுகளில் எடுத்த மாதிரிகள்தான். மாதம் 20 மாதிரி, ஆண்டு முழுவதும், நோய் குறைந்த ஆண்டிலும் தவறாமல்: இது ஒரு பெரிய ஆய்வுகூடத்தின் வேலையல்ல, ஒரு தொழில்நுட்ப அலுவலரின் வாரத்தில் ஒரு நாள் வேலை. ஆனால் அந்த அலுவலரின் சம்பளம் கொள்ளைநோய் நிதியில் இருந்து வந்தால், கொள்ளைநோயோடு அவரும் போய்விடுவார்.

பாம்புக்கடிக்கு வருவோம். இது நம் நாட்டுக்கு வெட்கம் தரவேண்டிய இடைவெளி. இலங்கையில் கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்யப்படுகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி, அதன் பிறபொருளெதிரிகளை எடுத்துச் செய்வது. அந்த நஞ்சின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டு இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் தங்கள் கைகளால் கறந்து கொடுக்கிறார்கள். இங்கே மிக அதிகமாகக் கடிக்கும் குழிவிரியன், சிங்களத்தில் குணகட்டுவா எனப்படுவது, அந்த நான்கில் இல்லை. அது கடித்தவரில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதடைகிறது, குருதி உறையாமற் போகிறது. அதற்கென்று முறிவு மருந்து கிடையாது. நான்கில் ஒன்றான கண்ணாடி விரியனிலும் வேறுபாடு இருக்கிறது. இலங்கையில் அது கடித்தவருக்குக் குருதி உறையாமையோடு கண்ணிமை தொங்குவதும் அடிக்கடி காணப்படுகிறது.

நஞ்சுப் புரதங்களின் மரபணுக்கள் பிரதியாகிப் பிரதியாகி, ஒவ்வொரு பிரதியும் வேறு திசையில் மாறி வந்தவை. அதனால் பாம்பின் இனம், வாழும் இடம், வயது மூன்றையும் பொறுத்து நஞ்சு மாறுகிறது. குட்டியின் நஞ்சும் முதிர்ந்த பாம்பின் நஞ்சும் ஒன்றல்ல. ஆகவே "விரியன் நஞ்சு, 50 மில்லிகிராம்" என்று மட்டும் எழுதிய குப்பி ஆய்வுக்கு ஏறக்குறையப் பயனற்றது. பாம்பு பிடித்த கிராமம், நீளம், ஆணா பெண்ணா, கறந்த திகதி, ஒரு பாம்பினதா பலவற்றின் கலவையா என்பதெல்லாம் குப்பியோடு போகவேண்டும். நஞ்சை உறையவைத்து உலர்த்தி, ஈரம் புகாமல் மூடவேண்டும். கொழும்பின் ஈரக்காற்றில் திறந்து திறந்து நிறுத்தால் புரதம் கெடும். நஞ்சுச் சுரப்பியின் ஆர்என்ஏயை வாசிப்பதானால் கறந்து 3 அல்லது 4 நாள் கழித்துச் சுரப்பியை எடுக்கவேண்டும், அப்போதுதான் நஞ்சு மரபணுக்கள் உச்சத்தில் இயங்கிக்கொண்டிருக்கும். இதற்கு வனவிலங்கு அனுமதி வேண்டும், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், வைத்தியசாலையின் அனுமதி வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று காத்திருந்தால் இரண்டு ஆண்டு நிதியில் பாதிக் காலம் கடிதத்திலேயே கழியும். மூன்று விண்ணப்பங்களையும் ஒரே கோவையில் ஒரே நாளில் ஏற்று, திட்டத்தின் கடிகாரத்தைக் கடைசி அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஓடவிடுங்கள். சட்டத்தில் எதையும் தளர்த்தச் சொல்லவில்லை.

ஆழ்குளிரூட்டிகளைப் பற்றி யாரும் மடல் எழுதுவதில்லை. ஆனால் ஓர் ஆய்வாளரின் இருபது ஆண்டு உழைப்பு உண்மையில் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கி இருந்த இடங்களில் டீசல் இருக்கவில்லை. அப்படியொரு நாள் மீண்டும் வரலாம் என்றே திட்டமிடவேண்டும். -80 இல் ஓடும் பெட்டியை -70 க்கு மாற்றினால் மின்செலவு கால் பங்குக்கு மேல் குறையும், டிஎன்ஏக்கும் பெரும்பாலான மாதிரிகளுக்கும் கேடில்லை. வெற்றிடமான தட்டுகளில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து நிரப்பினால் மின்சாரம் போனபின் பெட்டி மெதுவாகவே சூடேறும். வெப்பநிலை அலாரத்துக்குத் தனி மின்கலம் இருக்கவேண்டும்; சுவரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் அலாரம் தேவைப்படும் நேரத்தில்தான் ஊமையாகும். மின்சாரம் திரும்பும் கணத்தில் ஐந்து பெட்டிகளும் ஒன்றாக இயங்கத் தொடங்கினால் ஆளி விழும், யாரும் கவனிக்காவிட்டால் விடியும்வரை விழுந்தே கிடக்கும். ஒவ்வொன்றும் சில நிமிட இடைவெளியில் தொடங்க ஒரு தாமதிப்பான் பொருத்தினால் போதும். இந்தப் பெட்டிகள் வெளியே தள்ளும் வெப்பத்தை அகற்றக் குளிரூட்டியில்லாத சிறு அறைக்குள் மூன்றை அடைத்தால், அமுக்கி ஓயாமல் ஓடி இரண்டு மூன்று ஆண்டில் எரிந்துவிடும். மீட்க முடியாத மாதிரிகள், அதாவது இறந்த நோயாளியினது, இனிக் கிடைக்காத ஒட்டுண்ணி வளர்ப்பு போன்றவை, -196 பாகைத் திரவ நைதரசனில் இருக்கட்டும். அதற்கு மின்சாரம் வேண்டாம், தவறாமல் மட்டம் பார்த்து ஊற்ற ஒரு ஆள் வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் பாதி வேறொரு நகரில், பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ, இருக்கவேண்டும்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கும் பெட்டிகளிலும் பொருளுக்குப் பொருள் விதி வேறு. பி.சி.ஆரைத் தொடக்கிவைக்கும் குறுகிய டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்கள், உலர்ந்த நிலையில் வந்தால், ஒரு வாரம் வெயிலில்லாத அறையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. 50 சதவீத கிளிசரோலில் வரும் நொதியங்கள் -20 இல் இருக்கவேண்டும். டிஎன்ஏயை ஏற்கத் தயார்செய்த பக்டீரியாக் கலங்கள் ஒருமுறை உருகினால் குப்பைக்குத்தான். அவை வரும் உலர்பனிக்கட்டி நாளுக்குச் சில கிலோ வீதம் ஆவியாகும். டிஎன்ஏயை வாசிக்கும் நானோபோர் கருவியின் செருகல்களோ இதற்கு நேரெதிர், உறையவே கூடாது. உறைந்தால் உள்ளிருக்கும் மென்சவ்வு கிழிந்துவிடும். "ஆய்வுகூடப் பொருள்" என்று எல்லாவற்றையும் ஒரே ஆழ்குளிரில் வைப்பது நல்லெண்ணத்தோடு செய்யும் பிழை. வெள்ளிக்கிழமை போயா (பௌர்ணமி) விடுமுறை என்றால் வியாழன் மாலை வந்த பெட்டி திங்கள்வரை நிற்கும். எனவே குளிர்ப் பொருட்களுக்கு முன்கூட்டியே ஆவணம் பார்க்கும் ஒரு பட்டியலும், பெட்டியின் வெளிப்புறத்திலேயே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் "4 பாகை, உறையவிடாதீர்" அல்லது "-20 பாகை" என்ற ஒட்டியும் வேண்டும்.

அந்தச் செருகல்களின் ஆயுள் குளிரில் வைத்தாலும் ஏறத்தாழ 12 வாரங்கள். ஆண்டுக்கொருமுறை கேள்விப்பத்திரம் கோரி ஓராண்டுத் தேவையை ஒன்றாக வாங்கும் முறை இதற்குப் பொருந்தாது, முக்கால்வாசி காலாவதியாகும். விலையை ஒருமுறை தீர்மானித்து, மூன்று மாதத்துக்கொரு தடவை சிறுசிறு தொகுதியாக இறக்கும் ஒப்பந்தமே சரி. கணக்காய்வாளருக்கும் இதில் வேலை குறைவு.

பி.சி.ஆர். அறையைப் பற்றி ஒரு பந்தி. ஒரு டிஎன்ஏ துண்டு 30 சுற்றில் கோட்பாட்டளவில் 107 கோடி பிரதிகளாகும். குழாயைத் திறக்கும்போது தெறிக்கும் கண்ணுக்குத் தெரியாத துளியிலும் இலட்சக்கணக்கில் இருக்கும். அது நாளைய நோயாளியின் குழாய்க்குள் விழுந்தால் இல்லாத நோய் இருப்பதாகத் தெரியும். கூர்ப்பு மரம் வரைந்தால் இரண்டு மாவட்டத்து ஒட்டுண்ணிகள் ஒன்றுபோல் நிற்கும். கலவை தயாரிக்கும் அறையும் பெருக்கிய பின் திறக்கும் அறையும் வேறாக இருக்கவேண்டும். மேலங்கியும் குழாயியும் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி; ஆட்கள் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகலாம், அன்று திரும்பக்கூடாது. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எதுவும் இடாத ஒரு குழாய் இருக்கவேண்டும், அதில் விளைவு வந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் வீசவேண்டும். புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் ஒரே பெரிய மண்டபத்தை "மூலக்கூற்று ஆய்வுகூடம்" என்று குறிப்பவர்கள், சுவர் ஒன்று குறைந்த செலவுக்காக ஆண்டுக்கணக்கான சந்தேகத்தை விலைக்கு வாங்குகிறார்கள்.

நோயாளியிடம் கேட்கும் சம்மதத்தைப் பற்றி மனம் விட்டுச் சொல்லவேண்டும். மாதிரியை வருங்கால ஆய்வுக்கு வைத்திருப்பதற்கான தமிழ்ப் படிவங்கள் பல ஆங்கிலத்தை வரிக்கு வரி பெயர்த்தவை. வவுனியாவிலோ பதுளைத் தோட்டத்திலோ ஒரு தாய் "மரபணுத்தொகுதி வரிசைப்படுத்தலுக்கான பரந்த சம்மதம்" என்பதை வாசித்துக் கையொப்பமிட்டால் அது சம்மதமாகாது. இப்படி எழுதலாம்: "உங்கள் பிள்ளையின் கையிலிருந்து ஒரு தேக்கரண்டியிலும் குறைந்த இரத்தம் எடுப்போம். தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் குறிப்புகளை அதில் வாசிப்போம். மிச்சத்தைப் பத்து வருடம் குளிரில் வைத்திருப்போம். வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் திரும்பவும் உங்களிடம் கேட்போம். வேண்டாம் என்றால் வைத்தியம் எதுவும் மாறாது." வைத்திருப்பது, வெளிநாடு அனுப்புவது, முடிவைத் தெரிவிப்பது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கோடு வேண்டும்.

முடிவைத் தெரிவிப்பது சின்ன விடயமல்ல. குருதியில் ஒட்சிசனைக் காவும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீற்றாச் சங்கிலியின் 26 ஆம் இடத்தில் குளுற்றமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்தால் அது ஹீமோகுளோபின் ஈ. அதைத் தனியே காவுபவர் நலமாக வாழ்வார். அது, ஹீமோகுளோபின் போதாமற் போகும் பரம்பரை நோயான பீற்றா தலசீமியாவின் மரபணுவோடு ஒரே பிள்ளையில் சேர்ந்தால், ஒரு பிள்ளைக்கு இலேசான சோகை, இன்னொரு பிள்ளைக்கு ஆயுள் முழுக்க இரத்தமேற்றல். இந்த வேறுபாட்டின் காரணங்களைத் தேடிய முக்கியமான ஆய்வுகள் குருணாகல் தலசீமியா நிலையத்து நோயாளரோடு நடந்தவை. தலசீமியா ஏன் இத்தனை பேரிடம் இருக்கிறது என்பதற்கு மலேரியாவைக் காரணமாக 1949 இல் முன்வைத்தவர் பிரித்தானிய மரபியலாளர் ஹால்டேன். 2012 ஒக்டோபரோடு உள்நாட்டு மலேரியா நின்றது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மலேரியா விட்டுப்போன அடையாளம் மட்டும் நம் குருதியில் தொடர்கிறது. "உன் மகள் காவி" என்ற ஒரு வரிக் கடிதம் அவளுடைய கலியாணப் பேச்சை முறிக்கும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. காவி, அதாவது அந்த மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் காவுபவர், நோயாளியல்ல, இருவரும் காவிகளாக இருந்தால் மட்டுமே ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒன்று ஆபத்து என்று எதிரில் இருந்து விளக்கிச் சொல்லக்கூடிய, தமிழும் சிங்களமும் பேசும் மரபியல் ஆலோசகர் ஒருவரின் சம்பளம் ஒவ்வொரு மரபணுத் திட்டத்தின் வரவுசெலவிலும் இருக்கவேண்டும்.

பதவிகளுக்கு வருகிறோம். விலங்கியல் துறை "இவர் மருத்துவ ஆள்" என்றும், மருத்துவ பீடம் "இவரிடம் மருத்துவப் பட்டம் இல்லை" என்றும் சொன்னால் மூன்று துறையும் தெரிந்தவருக்கு நாற்காலியே இருக்காது. இரண்டு பீடங்கள் சேர்ந்து அமர்த்தும், கற்பித்தல் மணித்தியாலங்களை எழுத்தில் பிரித்த விரிவுரையாளர் பதவிகளை உருவாக்குங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் முழு வேலை வாங்கிவிடும். பதவி உயர்வில் முதற் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் மட்டும் புள்ளி என்றால், நடுவில் நின்று மூன்று குழுக்களையும் இணைத்தவர் தோற்றுப்போவார். அவர் என்ன செய்தார் என்ற பங்களிப்பு அறிக்கையைப் புள்ளிக்குக் கணக்கெடுங்கள். மாதிரி வங்கியைக் கட்டியதும், சரிபார்த்த தரவைப் பொதுவில் வைத்ததும் ஆய்வுப் பணிதான்.

கணினி வேலைக்கென்று ஆளை வைக்காமல் வாசிப்புக் கருவி வாங்கக்கூடாது. ஒரு மனித மரபணுத்தொகுதியை 30 மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 தடவை, வாசித்தால் ஏறத்தாழ 100 கிகாபைற் தரவு வரும். ஒருவருடைய மடிக்கணினியில் ஒரேயொரு பிரதியாக அது கிடப்பது, சுற்றியோடும் மின்விசிறியின் கீழ் திறந்த கோவையை வைப்பதற்குச் சமம். கூர்ப்பு மரம் வரையவும் மென்பொருள் பொத்தான் மட்டும் போதாது. பொதுத் தரவுத்தளங்களிலேயே பிழையான இனப் பெயரோடு கிடக்கும் வரிசைகளைக் கண்டுபிடித்து நீக்க விலங்கைக் கண்ணால் அறிந்தவர் வேண்டும். 2016 இல் மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டபோது உருவத்தைப் பார்த்தறியும் கண்ணும் டிஎன்ஏ வரிசையும் சேர்ந்தே அதை உறுதிசெய்தன. ஒரு காலை மட்டும் டிஎன்ஏக்கு எடுத்து, மீதி உடலைக் காய்ந்த நிலையில் ஊசியில் ஏற்றி வைத்திருக்கும் பழக்கத்தை ஒவ்வொரு மாணவரும் கற்கட்டும். சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க உடல் இருக்கும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் மருத்துவ பீடத்தையே குறிவைக்கிறார்கள். இடம் கிடைக்காதவர் விஞ்ஞான பீடத்துக்கு வரும்போது தோற்றவராக வருகிறார். அந்த எண்ணத்தை மாற்ற உரைகள் உதவா. இறுதியாண்டு ஆய்வில் ஆறு வாரம் கிளினிக்கில், ஆறு வாரம் மூலக்கூற்று ஆய்வுகூடத்தில், ஆறு வாரம் கணிப்பில் என்று ஒரே மாதிரியைப் பின்தொடரவிட்டால் அவர்களுக்கே விளங்கும். மருத்துவ மாணவரையும் அதே மேசையில் இருத்துங்கள்.

நிதியைப் பொறுத்தவரை எங்கள் வேண்டுகோள் இது. ஐந்து ஆண்டு, இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு கடுமையான மீளாய்வு, வேறு வேறு துறையைச் சேர்ந்த இரு மேற்பார்வையாளர்கள், ஒருவர் நோயாளியைப் பார்ப்பவர். கருவி விலையில் ஆண்டுக்கு 10 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்காத எந்த விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்புங்கள், எங்களுடையதாக இருந்தாலும். இப்படி ஆண்டுக்கு நான்கு திட்டம் போதும். நாற்பது சிறு நிதிகளைப் பிரித்துக் கொடுப்பதைவிட அது கடினமான முடிவு என்று எங்களுக்குத் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் முன், பணமே தேவைப்படாத ஒன்றை இவ்வாண்டிலேயே தொடங்கலாம். நாட்டிலுள்ள ஆழ்குளிரூட்டிகளுக்கு ஒரு பதிவேடு. எந்தப் பெட்டியில், எந்த நோயின், எந்த மாவட்டத்து, எந்த ஆண்டு மாதிரி, எத்தனை குழாய், எந்தச் சம்மதத்தோடு: ஆறு நிரல்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் பெட்டிகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றிலுள்ள கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கூர்ப்பு, மூலக்கூற்று உயிரியல், மருத்துவ ஆய்வுகூடங்களில் பணிபுரிவோர்
கொழும்பு